அரை ஏக்கரில் பரசூட் நாற்று வீசினோம்

போன கிழமை வெட்டு முடிந்தது. திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் எங்களுக்கு இருக்கும் அரை ஏக்கரில் இந்தச் சிறுபோகம் 44 புசல் நெல் (ஒரு புசல் 21 கிலோ அளவு) வந்தது. போன சிறுபோகம் அதே வயலில் வீசி விதைத்து 37 புசல்தான் கிடைத்தது. ஏழு புசல் கூட வந்ததில் சந்தோஷம். அதைவிடப் பெரிய சந்தோஷம், போன முறை தோற்ற ஒரு வேலை இம்முறை சரிவந்ததுதான். எங்கே பிழைத்தது, எப்படிச் சரியானது என்பது மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன். பரசூட் முறையைச் செய்து பார்க்க நினைத்து, பயத்தில் விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் நாற்று வளர்க்கிறோம். ஒரு தட்டில் 434 குழி. இரண்டு கிழமையில் ஒவ்வொரு நாற்றும் வேரில் ஒரு மண் கட்டியோடு கழன்று வரும். அதை மேலே வீசினால் மண் கட்டியின் பாரத்தில் வேர்ப்பக்கம் கீழாக வந்து சேற்றில் குத்தி நிற்கும். குனிந்து நட வேண்டியதில்லை.

நான் இதைத் தொடங்கியதற்குக் காரணம் பன்றிநெல் என்ற களை. வீசி விதைத்த வயலில் அது நெல்லோடு நெல்லாக முளைத்து வரும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கதிர் வரும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதற்குள் பாதி கொட்டி மண்ணுக்குள் போய்விடும். மூன்று போகமாக ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டு வந்தது. இரண்டு கிழமை வளர்ந்த நாற்றை வயலில் போட்டு, வேர் பிடித்ததும் தண்ணீரைக் கட்டிவிட்டால், கீழே கிடக்கும் பன்றிநெல் முளைக்கும்போது நம் பயிர் அதைவிட இரண்டு கிழமை முந்தி நிற்கும். விவசாயப் போதனாசிரியர் இதைச் சொன்னபோது எனக்குச் சரியாகப் பட்டது.

போன வருடம் 40 தட்டு மட்டும் வைத்துப் பார்த்தேன். அது முழுதாகப் பிழைத்தது. வயலில் இருந்த சேற்றையே அள்ளித் தட்டில் பூசி, குழி நிரம்பி வழிய விட்டு, மேலே நெல்லைத் தூவினேன். தட்டின் மேல் ஒரு விரல் தடிப்புக்குச் சேறு. அந்தச் சேற்றுக்குள் வேர்கள் குழிவிட்டுக் குழி ஓடிப் பின்னிக்கொண்டன. பதினான்காம் நாள் ஒரு நாற்றை இழுத்தால் பாய் போல முழுத் தட்டும் சேர்ந்து வந்தது. கையால் கிழித்துக் கிழித்துப் பிரித்ததில் மண் கட்டி எல்லாம் உதிர்ந்து போனது. மண் கட்டி இல்லாத நாற்றை வீசினால் அது காற்றில் மிதந்து படுத்துத்தான் விழும். அதோடு, சேறு எங்கள் வயலுடையது என்பதால் பன்றிநெல்லும் தட்டிலேயே முளைத்திருந்தது. எதை ஒழிக்க நினைத்தேனோ அதையே நாற்றோடு சேர்த்து வளர்த்திருக்கிறேன். 40 தட்டையும் வரம்போரம் கொட்டிவிட்டு, வீசி விதைத்தோம்.

இம்முறை மண்ணை மாற்றினேன். வீட்டு வளவில், நெல் என்றும் காயப்போடாத பக்கமாக, வேலியோர மண்ணை வெட்டி மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, கொத்தனார் மணல் அரிக்கும் வலையில் அரித்தோம். காய்ந்த மாட்டெருவையும் பொடித்து அரித்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு என்று கலந்தேன். 150 தட்டுக்கு ஆறு உரபேக் மண் போனது. எட்டு பேக் அரித்து வைத்திருந்தேன், அது அதிகம்.

தட்டுகளைக் கிண்ணியாவில் ஒரு நானாவிடம் வாங்கினேன். அவர் இரண்டு போகம் பாவித்தவை, ஒன்று 70 ரூபாவாக 150 தட்டு, 10,500 ரூபா. இரண்டடி நீளம், ஓரடிக்குச் சற்று மேல் அகலம். வாங்கும்போது ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். குழியின் அடியில் இருக்கும் ஓட்டை சிலவற்றில் பழைய சேறு காய்ந்து அடைத்திருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் கீழேயுள்ள சேற்றிலிருந்து ஈரம் ஏறும். அடைத்தவற்றை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, ஈர்க்கால் குத்திச் சுத்தம் செய்வது மகனின் வேலையாக இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, மூன்று பின்னேரம் பொறுமையாக இருந்து செய்தான்.

விதை ஏ.டி. 362, மூன்றரை மாதச் சிவப்பு நெல். 20 கிலோ பை ஒன்று 5,200 ரூபா. ஆறு கிலோவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மாமாவுக்குக் கொடுத்துவிட்டேன். வீசி விதைக்கும்போது இதே அரை ஏக்கருக்கு அப்பா ஒரு புசல், அதாவது 21 கிலோ அளவில் போடுவார். 24 மணித்தியாலம் ஊறவிட்டு, சாக்கில் கட்டி மேலே வைக்கோல் மூடி இன்னொரு நாள். முளை வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். முளை நீண்டுவிட்டால் குழிக்குள் போடும்போது முறிந்துவிடும்.

தட்டு நிரப்பியது கொட்டிலுக்குள் பாய் விரித்து. குழியின் பாதிக்கு உலர் மண், அதன்மேல் முளைநெல், மறுபடி மண். பிறகு ஓரடி நீளச் சட்டத்தை நிறுத்திப் பிடித்து, தட்டின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை வழித்துவிட வேண்டும். குழிகளுக்கு நடுவில் உள்ள பிளாஸ்டிக் விளிம்பு கறுப்பாகத் தெரியும்வரை வழிக்க வேண்டும். போன முறை நான் செய்யாமல் விட்டது இந்த ஒரு வேலையைத்தான். ஒரு சுண்டுப் பேணி முளைநெல் நாலு தட்டுக்குப் போதும், குழிக்கு மூன்று அல்லது நாலு நெல் விழும். முதல் பத்துத் தட்டில் மனைவி ஒரு வரிசை எண்ணிப் பார்த்து, அதன் பிறகு கைப் பழக்கத்தில் தூவினாள். அம்மா, மனைவி, மகள், நான், நாலு பேருக்கு ஆறு மணித்தியாலம் எடுத்தது.

நாற்றுமேடையை வாய்க்காலோரமாக, வயலின் மூன்று துண்டில் முதல் துண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டில் போட்டேன். நாலடி அகலம், 28 அடி நீளம், மூன்று மேடை. ஒரு மேடையில் 50 தட்டு. மேடைச் சேற்றின் மேல் தட்டைச் சும்மா வைத்தால் போதாது, பலகையால் அமர்த்த வேண்டும். மூன்றாவது மேடைக்கு வரும்போது இருட்டிவிட்டது, கையால் தட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆறாம் நாள் அந்த மேடையில் 11 தட்டு நடுவில் மஞ்சள் பிடித்து நின்றது. தூக்கிப் பார்த்தால் அடியில் வெற்றிடம், ஓட்டைக்குச் சேறு படவே இல்லை. சேறு கரைத்து அடியில் ஊற்றி மறுபடி அமர்த்தினேன். ஏழு தட்டு தேறியது, நாலு தட்டு பாதிக்குப் பாதிதான்.

கிடுகால் மூன்று நாள் மூடி வைத்தோம், இல்லையென்றால் விடியும் முன்பே மயில் வந்துவிடும். மூன்றாம் நாள் பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் கிடுகைத் தூக்கிவிட்டு மீன் வலையைக் கட்டினேன். வலை 900 ரூபா. அதற்குப் பிறகு தினமும் மேடையைச் சுற்றியுள்ள ஓடையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் வேலை.

வயல் வேலைக்கு நாள் குறிப்பது நம் கையில் இல்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில்தான் எங்கள் வயல் கண்டம் முழுவதும் நிற்கிறது. போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்க வேண்டிய நாளும் தீர்மானமாகும், அதற்குள் எல்லோரும் ஒன்றாக முடிக்க வேண்டும். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரிடம் எங்கள் வாய்க்காலுக்கு எந்த நாட்களில் தண்ணீர் வரும் என்று கேட்டு, அதிலிருந்து 14 நாள் பின்னோக்கி எண்ணித்தான் நெல்லை ஊறப்போட்டேன். இதைச் சொல்லக் காரணம், நாற்று 14 நாளில் தயாராகி வயல் தயாராகாவிட்டால் தட்டுக்குள் வேர் சுருண்டு பழுதாகிவிடும். உழவுக்காரர் இரண்டு நாள் பிந்தினாலும் கணக்குக் குழம்பும். மாமாவின் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) என்பதால் எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. இரண்டு உழவும் மட்டமும் சேர்த்து அரை ஏக்கருக்கு 11,500 ரூபா கொடுத்தேன். மட்டம் அடித்தது வெள்ளிக்கிழமை பின்னேரம், எட்டடிப் பனம் பலகையைப் பின்னால் கட்டி இழுத்து. மூன்று துண்டும் ஐந்து மணிக்கு முடிந்தது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, தம்பிக்கும் லீவு. அதனால் சனிக்கிழமை விடிய வீசுவதாகத் தீர்மானித்தோம்.

விடிய என்று வைத்ததற்குக் காரணம் கச்சான் காற்று. வைகாசியில் எங்கள் பக்கம் ஒன்பது ஒன்பதரைக்கு மேல் மேற்கிலிருந்து எழும்பிவிடும், பிறகு பொழுதுபடும்வரை ஓயாது. நாற்று இலை காற்றைப் பிடிக்கும் பொருள். அமைதியான நேரத்தில்தான் நேராக விழும்.

கொழும்பிலிருந்து வரும் இரவு ரயிலின் சத்தம் கேட்கும்போது நாங்கள் வரம்பில் நின்றோம். பிளேன்டீ ஒரு பிளாஸ்கில், ரொட்டியும் கட்டைச்சம்பலும் ஒரு பெட்டியில். நான், மனைவி, தம்பி, மகள், நாலு பேர் வீசுவதற்கு. மகன் வெறுந்தட்டுகளைச் சேர்ப்பதற்கு. அம்மா வரம்பில் இருந்து பார்த்தால் போதும் என்றுதான் கூட்டிக்கொண்டு போனோம். அவவுக்கு 64 வயது, முதுகு நோவு பல வருடமாக இருக்கிறது.

வயல் ஒவ்வொரு துண்டும் 110 அடிக்கு 66 அடி. பத்தடிக்கு ஒரு பாத்தி, நடுவில் ஓரடி நடைபாதை என்று கயிறு பிடித்தால் ஒரு துண்டில் ஆறு பாத்தி வரும். 50 தட்டை ஆறால் பிரித்தால் பாத்திக்கு எட்டு, கையிருப்பு இரண்டு. அந்த எட்டில் ஆறு தட்டை முதலில் பரவலாக வீசி, மற்ற இரண்டால் வெளியான இடங்களை நிரப்புவது என்பது திட்டம். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வீசிவிட்டால் பிறகு திருத்த ஒன்றும் இருக்காது.

முதல் துண்டில் இறங்கி நாலு நாற்றை வீசினேன். நாலும் இலை நுனி மட்டும் தெரிய, கழுத்துவரை சேற்றுக்குள் போய்விட்டது. இன்னும் நாலு. அதுவும் அப்படியே. வாய்க்காலுக்குப் பக்கத்துத் துண்டு, களிமண். பன்னிரண்டு மணித்தியாலத்தில் அந்தச் சேறு இறுகவே இல்லை.

தம்பி ஓடிப்போய் மூன்றாவது துண்டில் வீசிப் பார்த்தான். அங்கே நேர் மாறு. மண் கட்டி சேற்றில் குத்தவில்லை, மேலே பட்டு உருண்டு படுத்தது. அந்தத் துண்டு மணல் கலந்தது. 1986 சித்திரையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து வந்த வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல் என்று அப்பா சொல்லுவார். ஏப்ரல் 20, விடியப்புறம். அந்த வருடம் அவர் வண்டி வைத்து மணல் அள்ளினாராம், அள்ளியும் மிச்சம்தான் இது. மணல் சேறு இரவோடிரவாகப் படிந்து தரை போல இறுகியிருந்தது.

ஒரே நாளில், ஒரே பலகையால் மட்டம் அடித்த மூன்று துண்டு, மூன்று விதமாக நின்றது. நான் தட்டு எண்ணினேன், அடி அளந்தேன், காற்றின் நேரம் பார்த்தேன். சேறு இறுகும் நேரம் துண்டுக்குத் துண்டு வேறு என்பதை யோசிக்கவில்லை.

அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடுத்துண்டில் இறங்கினா. இரண்டு எட்டு வைத்து, காலைத் தூக்கி, பதிந்த தடம் மெதுவாக மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"மகன், இதுல தொடங்குங்க. இது சரி. மணலுக்குத் தண்ணியத் திறந்து விட்டு ஊற வைங்க, இத முடிச்சிட்டுத் திரும்பப் பலகை போடுவம். அந்தக் களி நாளைக்குத்தான்."

பிறகு அவ சொன்ன விளக்கத்தை எழுதி வைத்திருக்கிறேன். தடம் உடனே மூடினால் சேறு பச்சை. மூடாமல் தண்ணீர் தேங்கி அப்படியே நின்றால் இறுகிவிட்டது. விளிம்பு மெல்லச் சரிந்து பாதி மூடுவதுதான் பதம். இதை நான் நாற்றை வைத்தும் சரிபார்த்தேன்: தலை உயரத்திலிருந்து ஒன்றை விட்டால் மண் கட்டி முழுதாகப் புதைந்து, தண்டு வெளியே நிற்க வேண்டும். அம்மாவின் காலும் என் நாற்றும் நடுத்துண்டில் எல்லா இடத்திலும் ஒரே பதிலைச் சொன்னது. தண்ணீர் சேற்றின் மேல் மினுங்கும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதும். விரல் ஆழத்துக்கு நின்றாலே நாற்று மிதக்கும்.

நடுத்துண்டில் ஆறு மணிக்குத் தொடங்கினோம். தட்டு வளையக்கூடியது, அதனால் இடது முன்னங்கையில் போட்டுக்கொண்டு வலது கையால் பத்துப் பன்னிரண்டு நாற்றைக் கொத்தாகப் பிடுங்கி வீசலாம். முந்திய நாள் காலையிலிருந்து மேடைக்குத் தண்ணீர் நிறுத்தியிருந்தோம், மண் கட்டி உதிராமல் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. போன வருடம் பாயாக வந்த இடத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியாக, சின்ன மிளகாய்ப் பழம் அளவில் மண் கட்டியோடு கழன்றது.

வீச்சுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். தம்பி முன்னோக்கி எறிந்தான், நாற்று சாய்ந்து போய் விழுந்தது. மேலே எறிய வேண்டும், தலைக்கு மேல் இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு. அங்கே நின்று திரும்பி நேராக இறங்கும். மகள் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டாள். அம்மா வரம்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவ, மூன்றாவது பாத்தியில் என் கையிலிருந்து ஒரு தட்டை வாங்கிக்கொண்டா.

எங்கள் வீட்டில் விதைப்பு என்றால் அது அப்பாவின் வேலை. அம்மா இந்த வயலில் நாற்பது வருடம் களை பிடுங்கியிருக்கிறா, கதிர் வெட்டியிருக்கிறா, சூடு மிதிக்கச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறா. விதை அவவின் கையால் விழுந்ததே இல்லை. குனிந்து செய்யும் வேலை எல்லாம் பெண்களுக்கு, நிமிர்ந்து செய்வது ஆண்களுக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு நிமிர்ந்து நின்று, மெதுவாக, ஐந்து ஐந்து நாற்றாக மேலே விட்டா. அவ போட்ட பாத்தி இப்போதும் எனக்குத் தெரியும், நடுத்துண்டில் கிழக்கிலிருந்து மூன்றாவது. பிறகு எண்ணிப் பார்த்தபோது ஆகச் சீராக நின்றதும் அதுதான்.

ஏழே முக்காலுக்கு நடுத்துண்டு முடிந்தது. ஒரு ஆளுக்கு ஒரு தட்டு முடிய ஐந்து நிமிடம், அதற்கு மேல் வெளியான இடம் பார்த்து நிரப்பும் நேரம், நடைபாதையில் விழுந்ததைப் பொறுக்கி உள்ளே போடும் நேரம். ரொட்டியைத் தின்றுவிட்டு மணல் துண்டுக்குப் போனோம். ஊறி இளகியிருந்தது, ஆனாலும் போதாது. லாண்ட்மாஸ்டரை மறுபடி கூப்பிட நேரமில்லை. பலகையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி நானும் தம்பியும் இழுத்தோம், மனைவி மேலே ஒரு மண் சாக்கை வைத்துப் பாரம் பார்த்துக்கொண்டாள். ஒரு பாத்தி அகலத்துக்கு இழுத்ததும் பின்னாலேயே அம்மாவும் மகளும் வீசிக்கொண்டு வந்தார்கள். மணல் சேற்றில் அதுதான் வழி, கலக்கிய சூட்டோடு வீசிவிட வேண்டும். தோள் இரண்டும் காய்த்துப்போனது.

நாலாவது பாத்தியில் கச்சான் எழும்பியது. ஒன்பது இருபது இருக்கும். வீசியது எல்லாம் கிழக்கு ஓரமாகச் சரிந்தது, மேற்கில் வெளி. மனைவி கயிற்றின் மேற்குப் பக்கத்து நடைபாதையில் நின்று, தாழ்வாக வீசிப் பார்த்தாள். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் உயரம் இல்லாததால் மூன்றில் ஒன்று படுத்தே விழுந்தது. கடைசி இரண்டு பாத்தியையும் அப்படித்தான் முடித்தோம், படுத்ததை எல்லாம் கையால் நிமிர்த்திக் குத்தினோம். பத்தே முக்கால். காற்றில் வீச மறுத்து அடுத்த நாளுக்கு வைத்திருந்தால் மணல் மறுபடி இறுகியிருக்கும் என்பதால் வேறு வழி தெரியவில்லை.

களித்துண்டு ஞாயிற்றுக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு அம்மா கால் வைத்துப் பார்த்துத் தலையாட்டினா. எட்டு மணிக்கு முன்பே முடிந்தது, காற்றும் இல்லை, தடுமாற்றமும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் தண்ணீர் விடவில்லை. மூன்றாம் நாள் ஒரு நாற்றைத் தோண்டிப் பார்த்தேன், புது வேர் வெள்ளையாக மண் கட்டியை விட்டு வெளியே வந்திருந்தது. நாலாம் நாள் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டோம். அங்கே ஒரு பிழை: களித்துண்டின் வாய்க்கால் மூலை மற்ற இடத்தைவிடத் தாழ்வு, அங்கே மூன்று அங்குலம் நின்றுவிட்டது. சரியாகப் பிடிக்காத நாற்று எல்லாம் கிளம்பி, வரம்பில் தண்ணீர் வடிய வெட்டிய வக்கடையில் வந்து ஒதுங்கியிருந்தது. ஒரு பாய் அளவு இடம் வெளி. கையிருப்புத் தட்டுகளில் மிஞ்சிய நாற்றை அம்மாவும் மனைவியும் அங்கே கையால் நட்டார்கள். கொக்கு மிதித்த இடங்களும் இருந்தன, ஆனால் அவை தானாகவே நிமிர்ந்துவிட்டன.

ஒரு யார் சதுரத்துக்குத் தடியில் சட்டம் கட்டி, பத்து இடத்தில் வைத்து நாற்றை எண்ணினேன். கணக்குப்படி 27 வர வேண்டும். நடுத்துண்டில் 24 முதல் 30 வரை, களியில் 23 முதல் 29 வரை, மணல் துண்டில் 15 முதல் 38 வரை. கச்சான் செய்த வேலை அந்தக் கடைசி எண்ணில் தெரிகிறது. நெருக்கமாக நின்ற கிழக்கு ஓரம் கடைசிவரை மெலிந்துதான் இருந்தது.

நாற்பதாம் நாள் ஒரு நாற்று 18, 20 என்று மட்டம், அதாவது பக்கத் தண்டு, வெடித்து நின்றது. இடைவெளி இருந்தால் நெல் தானாகவே பரந்துகொள்ளும். அரை ஏக்கருக்கு ஆறு கிலோ விதை எப்படிப் போதும் என்று கேட்ட பக்கத்து வயல்காரர், அந்த நேரம் வந்து குந்தியிருந்து எண்ணிவிட்டுப் போனார். பன்றிநெல் முழுதாகப் போகவில்லை. ஆனால் நடைபாதை இருந்ததால் பயிரை மிதிக்காமல் உள்ளே போகலாம், பயிர் உயரத்தில் முந்தி நின்றதால் சின்னதாக முளைத்தது எது என்று கண்ணுக்குத் தெரிந்தது. முன்பு களைக்கு ஒன்பது ஆள் நாள் பிடித்த வயலில் இம்முறை நாலு.

செலவைப் பார்த்தால், தட்டு 10,500, வலை 900, நாங்கள் பாவித்த விதை 1,560 ரூபாவுக்கு. உழவுக்கூலி எப்படிச் செய்தாலும் ஒன்றுதான். தட்டைக் கவனமாக வைத்தால் இன்னும் மூன்று நாலு போகம் வரும் என்று நானா சொன்னார். ஆள் கூலியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை. மண் அரித்தது, தட்டு நிரப்பியது, இரண்டு காலை வீசியது எல்லாவற்றுக்கும் வெளியாள் பிடித்திருந்தால், நாளொன்றுக்கு 2,500 ரூபாப்படி 30,000க்கு மேல் போயிருக்கும். வீட்டில் நாலு கை இல்லாதவர்களுக்கு இந்த முறை இலாபம் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். விதை வீசுவதற்கு ஓர் ஆளும் ஒரு மணித்தியாலமும் போதும், அந்தச் சுகம் இதில் இல்லை.

வருகிற பெரும்போகத்துக்கு நான் மாற்றப் போவது இவை. களித்துண்டை இரண்டு நாள் முன்பும், நடுவை முந்திய நாள் மத்தியானமும் மட்டம் அடிப்பது. மணல் துண்டுக்கு லாண்ட்மாஸ்டரை வீசும் காலையிலேயே கொண்டு வரச் சொல்லி மாமாவிடம் பேசிவிட்டேன். வீசத் தொடங்குவதும் மணலில்தான், பலகை போகப் போகப் பின்னால். வாய்க்கால் மூலையை இப்போதே, வயல் காய்ந்திருக்கும்போதே, மண் வெட்டிப்போட்டு உயர்த்துகிறேன். நாற்றுமேடையில் தட்டு அமர்த்துவது வெளிச்சம் இருக்கும்போது, மூன்று மேடையும். தட்டும் 160 வைக்க வேண்டும், கையிருப்பு ஆறு போதவில்லை.

பெரும்போகத்தில் கச்சான் இருக்காது, ஆனால் மழை இருக்கும். வீசி மூன்று நாளைக்குள் ஒரு பெருமழை பெய்தால் எல்லாம் வக்கடைக்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டாவது வக்கடை ஒன்று, முதலாவதற்கு எதிர்மூலையில் வெட்டி வைக்கிறேன்.

தட்டுகளைக் கழுவி எண்ணியபோது 141 நல்லது, ஒன்பது விளிம்பில் வெடிப்பு. வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் என்பதால் கொட்டிலுக்குள் கவிழ்த்து அடுக்கியிருக்கிறோம், எலி ஏறாமல் அடியில் தகரம் போட்டு. நானாவிடம் இன்னும் 20 தட்டு சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா, வேலியோர மண்ணை மழைக்கு முன்பே அரித்து வைக்கச் சொல்லியிருக்கிறா. நாளைக்கு அந்த வேலை.